மனு எவ்வாயிலிற் சேரவேண்டும்?

அட்டவணைச் சாதிப் பட்டியலில் பெயர் திருத்தவேண்டி, நம்மவரிற் பலர் சங்கரன்கோவில் சட்டசபை அங்கத்தினரையே நாடுகின்றனர். அது பிழையன்று, ஆயினும் பாதி வழியே.

1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதி அமலுக்கு வந்த நம் அரசியலமைப்பு, போலீஸ், நிலவரி முதலியவற்றை மாநிலங்களுக்கும், ரயில், தபால் முதலியவற்றை மத்திய சர்க்காருக்கும் பகுத்தளித்தது. அட்டவணைச் சாதிப் பட்டியலையோ, 341ஆம் பிரிவின்படி, ஜனாதிபதி ஒருமுறை பிரசுரித்தபின் பார்லிமெண்டின் சட்டமன்றி வேறெதுவும் திருத்தவியலாது. மாநில சர்க்கார் சிபாரிசு செய்யலாம், அவ்வளவே. ஏழு பிரிவினர் தேவேந்திரகுல வேளாளர் என்னும் ஒரே பெயரின்கீழ் வந்ததும் அவ்வாறே: தமிழ்நாட்டுச் சர்க்கார் சிபாரிசு செய்தனர், 2021இல் பார்லிமெண்டு சட்டம் இயற்றிற்று. பிற்பட்ட வகுப்பார்க்கு இத்தொல்லை இல்லை. தம் பட்டியலை மாநிலமே வகுக்கலாமென்று அதே ஆண்டின் 105ஆம் திருத்தம் தெளிவாக்கிற்று.

ஆதலின், நம் மனுவின் பிரதியொன்று தென்காசித் தொகுதியின் லோக்சபை அங்கத்தினர்க்கும் சென்று சேரவேண்டும்.