மங்கம்மாளும் என் அத்தைப்பாட்டியும்



திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக்கு அருகில் இராணி மங்கம்மாள் மண்டபம் என்று வழங்கும் கட்டடம் ஒன்றுண்டு. அரசு அருங்காட்சியகம் இப்பொழுது அங்கேதான் இருக்கின்றது. தலைமையாசிரியனாய் இருந்த காலத்தில் பிள்ளைகளை அங்குப் பலமுறை அழைத்துச் சென்றிருக்கிறேன். செல்லும்போதெல்லாம், "மங்கம்மாள் இந்நாட்டின் அரசிதானே?" என்று கேட்பேன். "ஆம்" என்று எல்லோரும் ஒரே குரலில் கூவுவர். அவ்விடை முற்றும் சரியன்று.

1689-இல் மங்கம்மாளின் மகன் இறந்தான். பேரனோ கைக்குழந்தை. அக்குழந்தைக்கு முடிசூட்டி, அதன் பெயரால் 1706 வரை நாட்டை ஆண்டவர் அவர். சாலைகள் அமைத்தார், சத்திரங்கள் கட்டினார், முகலாயரின் வலிமையை அளந்தறிந்து, திறை செலுத்திப் போரைத் தவிர்த்தார். செங்கோல் அவர் கையில் இருந்தது. அரியணையோ தொட்டிலில் கிடந்த ஆண்மகவுக்கே உரியதாய் இருந்தது.

அந்தப் பேரனாகிய விசயரங்க சொக்கநாதர் 1732-இல் ஆண்மகவின்றி இறக்க, அவர் தேவி மீனாட்சி ஆட்சியை ஏற்றார். அவரும் ஓர் ஆண்பிள்ளையைச் சுவீகாரம் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. அப்பிள்ளையைப் பெற்ற தந்தையே, அரியணை தமக்குரியது என்று எதிர்த்து நின்றார். அப்பூசலில் புகுந்த சந்தா சாகிபு கோட்டையைக் கைப்பற்றவே, மீனாட்சி நஞ்சுண்டு மாண்டார் என்பர்.

பெண் காத்துக் கொடுக்கலாம், உடையவள் ஆகலாகாது. இவ்வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிடாதீர்கள். விக்டோரியா அரசி பட்டமேறி 45 ஆண்டுகள் சென்ற பின்னரே, 1882-இல், இங்கிலாந்தில் மணமான பெண் தன் சொத்தைத் தன்னுடையதாக வைத்துக்கொள்ளச் சட்டம் முழுமையாக இடந்தந்தது. பிரான்சிலோ கணவனின் இசைவின்றி மனைவி வங்கிக் கணக்குத் தொடங்க 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி எங்கள் வீட்டுக் கதை.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் எங்கள் குடும்பம் வாழ்ந்தது. என் பாட்டனாரின் தங்கை, எனக்கு அத்தைப்பாட்டி, பதினான்கு வயதில் கைம்பெண்ணாகிப் பிறந்தகம் திரும்பியவர். வீதியில் பெருமாள் எழுந்தருளும்போது எல்லோரும் வாசலில் நிற்க, அவர் மட்டும் திண்ணைத் தூணுக்குப் பின்னால் நின்று சேவிப்பார். சிறுவனாகிய நான் அதனை இயல்பென்றே எண்ணினேன்.

இலால்குடிக்கு அருகில் அவர் கணவரின் நிலம் ஒன்றரை ஏக்கர் இருந்தது. அந்நாளைய இந்துச் சட்டப்படி, உயிருள்ளவரை அதன் விளைவை அவர் உண்ணலாம். தம் விருப்பப்படி விற்கவோ, உயில் எழுதி வைக்கவோ இயலாது. குத்தகை நெல் என் பாட்டனாரின் பத்தாயத்தில் வந்து விழுந்தது. அத்தைப்பாட்டி அடுக்களையில் உழைத்தார்.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்துப் பதினான்காம் பிரிவு, அத்தகைய நிலங்களை அப்பெண்களுக்கே முழு உடைமையாக்கியது. எங்கள் வீட்டில் அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. 1970-ஆம் ஆண்டளவில், தம் வழக்கொன்றைப் பற்றித் திண்ணையில் பேசிக்கொண்டிருந்த அயலார் ஒருவர் வாயினின்று அச்செய்தி தற்செயலாக வந்தது. அத்தைப்பாட்டி உள்ளிருந்து வெளியே வந்தார். ஆடவர் அவையில் அவர் பேசி நான் கேட்டது அன்றுதான். "அப்படியானால் இந்தப் பதினாலு வருஷமும் அது என்னுடையதா அண்ணா?" என்றார்.

பாட்டனார் மறுமொழி கூறவில்லை. அவர் கொடியவர் அல்லர். தங்கைக்கு நோய் வந்தபோது இரவெல்லாம் கண்விழித்தவர். ஆயினும் அவருக்குச் சட்டம் தெரிந்திருந்தது; சொல்லத் தோன்றவில்லை. சொன்னால் பத்தாயம் பிரிந்துவிடும் என்ற அச்சமும் இருந்திருக்கலாம். கொடியவர் செய்யும் தீங்கைக் காட்டிலும் நல்லவர் வாளாவிருந்து செய்யும் தீங்கை அறிவது கடினம். எனக்கே அது நெடுநாள் விளங்கவில்லை.

அடுத்த ஆண்டு அத்தைப்பாட்டி அரை ஏக்கரை விற்றார். அந்தப் பணம் பின்னர் என் தமக்கையின் கல்லூரிப் படிப்புக்குச் செலவாயிற்று.

1989-இல் தமிழ்நாடும் 2005-இல் நடுவண் அரசும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்குப் பங்கு அளித்த வரலாற்றை நீங்கள் நூல்களிற் படித்துக்கொள்ளலாம். நூல்களில் இல்லாத ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன். 1994-இல் என் தந்தையார் உயில் எழுதாமல் காலமானார். அவர் தம் பொருளால் வாங்கிய வீட்டில் தமக்கைக்கும் எனக்கும் சமபாகம். 1956-ஆம் ஆண்டுச் சட்டமே அதனை வகுத்திருந்தது. உறவினர் வழக்கப்படி விடுதலைப் பத்திரம் எழுதினர். சார்பதிவாளர் அலுவலகத்தில், "எங்கேடா தம்பி கையெழுத்துப் போடணும்?" என்று தமக்கை கேட்டாள். ஒன்பது பக்கம். அவள் படித்துப் பார்க்கவில்லை. அத்தைப்பாட்டியின் கேள்வியைக் காதாரக் கேட்டிருந்த நானும் படித்துக் காட்டவில்லை. இடத்தை மட்டும் விரலால் சுட்டிக்காட்டினேன்.