நாற்று நடவா, நேரடி விதைப்பா?

மேட்டூர் அணையை வழக்கமா ஜூன் 12-ல திறக்கணும். 2024-ல ஜூலை 28-லதான் திறந்தாங்க. அப்போ டெல்டாவில் குறுவை? போர்வெல் இருக்கிறவங்க நட்டாங்க. ஆத்துத் தண்ணிய மட்டும் நம்பினவங்க சம்பாவுக்குக் காத்திருந்தாங்க.

இப்படித் தண்ணி தள்ளிப்போனா, சம்பாவை நேரடியா விதைச்சிடறவங்க நிறைய. நாற்றங்கால் வேண்டாம், நடவுக்கூலி மிச்சம், அறுப்பும் ஒரு வாரம் முன்னாடியே வந்துடும். ஆனா தண்ணி கட்டாத வயல்ல களை நெல்லோடயே முளைக்கும். மிச்சம் பிடிச்ச காசுல ஒரு பங்கு களைக்கொல்லிக்குப் போகும். இதைச் சிக்கன முறைன்னு மட்டும் சொல்றது எனக்குச் சரியாப் படல. விதைச்ச கையோட பெருமழை பிடிச்சா முளைப்பு அழுகிடும். மறுபடி விதை வாங்கணும். குத்தகை விவசாயி அதுக்கும் வட்டிக்குத்தான் போவார்.