கிரேக்கமும் ஆங்கிலமும்: சொல்லின் திட்பம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



உலக மொழிகளுள் திட்பம் மிக்கது கிரேக்கம் என்றொரு கொள்கை நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. கருதியதைக் கருதியவாறே, கூடாமலும் குறையாமலும் உரைக்க வல்லது அம்மொழி என்றும், அதன் முன் ஆங்கிலம் தளர்ந்த நடையினது என்றும் விவிலியம் கற்பிப்போரும் தத்துவம் பயில்வோரும் கூறக் கேட்கின்றோம். நம்மிடையே வழங்குவதோ வேறு. சட்டமும் அறிவியலும் பிசகின்றி உரைக்க ஆங்கிலம் ஒன்றால்தான் இயலும் என்று நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து கற்று வருகின்றனர். நாமும் அதை மறுப்பதில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நிறுத்துப் பார்ப்போம்.

முதலில் கிரேக்கத்தின் பக்கம். வீட்டு வாடகையை அறியாதார் இவ்வவையில் இரார். ஆங்கிலத்தில் ‘ரெண்ட்’ என்னும் வினை வாடகைக்கு விடுவதையும் குறிக்கும், எடுப்பதையும் குறிக்கும். ஒருவர் வீட்டை ‘ரெண்ட்’ செய்தார் என்றால் அவர் வீட்டுக்காரரா, குடியிருப்பவரா என்பது மேற்கொண்டு வினவினாலன்றி விளங்காது. கிரேக்கத்தில் ‘மிஸ்தோ’ என்றால் வாடகைக்கு விடுகிறேன். ‘மிஸ்தூமாய்’ என்றால் வாடகைக்கு எடுக்கிறேன். வேர் ஒன்றே, ஈறுதான் மாறுகின்றது. செய்வினை, செயப்பாட்டு வினை என்னும் இரண்டிற்கும் இடையே, செயல் செய்பவனையே சார்ந்து நிற்பதைக் காட்டும் மூன்றாவது வடிவம் ஒன்று அம்மொழியில் உண்டு. ஆசிரியர் ‘டிடாஸ்கோ’, கற்பிக்கிறேன் என்பார். மகனை ஆசிரியரிடம் விட்டுக் கற்பிக்கச் செய்யும் தந்தை ‘டிடாஸ்கோமாய்’ என்பார். கடன் கொடுப்பதும் வாங்குவதும்கூட ஒரே வினையின் இரு வடிவங்களே. இந்தச் சிக்கனம் ஆங்கிலத்திற்குக் கிட்டவில்லை.

ஆங்கிலம் தன்னிடம் இருந்த திட்பத்தைக் கைவிட்டதும் உண்டு. லூக்கா நற்செய்தியின் 22ஆம் அதிகாரத்தில், சாத்தான் சீடர்களைப் புடைத்தெடுக்கக் கேட்டிருப்பதாகவும், சீமோனின் நம்பிக்கை குன்றாதிருக்கத் தாம் மன்றாடியதாகவும் இயேசு சீமோனிடம் கூறுகின்றார். கிரேக்கத்தில் முன்னது பன்மை, பின்னது ஒருமை. ஆபத்து அனைவர்க்கும், மன்றாட்டு அவன் ஒருவனுக்கு. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலும் இவ்வேறுபாடு நின்றது. ஒருமைக்கு அன்று தனிச்சொல் இருந்தது. அச்சொல் வழக்கொழிந்தபின் ‘யூ’ என்பதொன்றே இரண்டிற்கும் நிற்கின்றது. படிப்போர் இரண்டும் சீமோன் ஒருவனையே குறித்தன எனக் கொள்வர். அதனால் இக்கால மொழிபெயர்ப்பாளர் சிலர் ‘உங்கள் எல்லாரையும்’ என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்து எழுதுகின்றனர்.

இத்துடன் நிறுத்தினால் வெற்றி கிரேக்கத்திற்கே. ஆயின் அதே நூலில் யோவான் நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தைப் பார்ப்போம். மறைநூல்களை ஆராய்வது பற்றிய இடம் அது. ஆராயுங்கள் என்னும் ஏவலா, ஆராய்கிறீர்கள் என்னும் கூற்றா? கிரேக்க வினை இரண்டிற்கும் ஒரே வடிவினது. 1611இல் ஆங்கிலேயர் அதனை ஏவலாக்கினர். 1881இல் வந்த திருத்திய பதிப்பு அதனைக் கூற்றாக்கியது. முன்னதில் அது கட்டளை. பின்னதில், ஆராய்ந்தும் உணராதவர் மீதான குறை. கிரேக்கம் வாளா இருக்கின்றது. ஆங்கிலமே தேர்ந்தாக வேண்டியிருக்கின்றது. இன்னும், எழுதும் வழக்கமுடையேன் என்பதற்கும் இப்பொழுது எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் கிரேக்கத்தில் ‘கிராஃபோ’ என ஒரே சொல். ஆங்கிலம் இவற்றை வேறு வேறாக்கிச் சொல்லும்.

ஒரு மொழி, பேசுபவனைச் சொல்லியே தீருமாறு எங்குக் கட்டாயப்படுத்துகின்றதோ அங்குத் திட்பமுடையது. ஏனைய இடங்களில் கேட்பவனின் அறிவை நம்பிச் செல்கின்றது. இரு மொழிக்கும் இதுவே நிலை என்பது நம் கருத்து.

கட்டாயம் மிகுந்தால் தெளிவும் மிகும் என்றும் கொள்வதற்கில்லை. ஹோமரின் மொழியில் வடமொழியிற்போல இருமை எண் உண்டு. இலியத்தின் 9ஆம் காண்டத்தில், சினந்து ஒதுங்கிய அக்கிலீஸிடம் தூது செல்பவர் பீனிக்ஸ், ஏஜாக்ஸ், ஒடிசியஸ் என மூவர். உடன் கட்டியக்காரர் இருவர். ஆனால் வினைகள் பலவிடத்தும் இருவர் சென்றதாகவே இருமையில் வருகின்றன! மூன்றாமவர் எங்கே போனார்? பீனிக்ஸ் பிற்காலத்தில் இடைச்செருகப்பட்டவர் என்பர் சிலர். கட்டியக்காரரையே அவ்வினைகள் குறித்தன என்பர் சிலர். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. வெறும் பன்மை மட்டும் இருந்திருப்பின் எவருக்கும் ஐயம் எழுந்திராது.

தம் மொழியின் மயக்கத்தைக் கிரேக்கர் தாமே நன்கறிந்திருந்தனர். சொல்லால் விளையும் போலி நியாயங்கள் ஆறு வகை எனப் பிரித்துக் காட்டியவர் அரிஸ்டாட்டில். தத்துவ நூலின் 5ஆம் பகுதி முழுவதையும் ‘காரணம்’, ‘இயற்கை’ போன்ற சொற்கள் எத்தனை பொருளில் வழங்குகின்றன என்று விளக்கவே அவர் செலவிட்டார். குற்றமற்ற மொழி கைவசமிருந்தால் இவ்வளவு பாடு எதற்கு?

அறிவியற் பெயர்களின் பெருமையும் இத்தகையதே. ‘ஆக்சிஜன்’ என்னும் பெயரை லவாய்சியே கிரேக்க வேர்களால் ஆக்கினார். அமிலத்தைப் பிறப்பிப்பது என்பது பொருள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அவ்வாயு இல்லவே இல்லை என்பதைப் பின்னர் டேவி காட்டினார். பெயரின் பொருள் பிழைபட்டது. அறிவியலுக்கு யாதோர் இடரும் நேரவில்லை.

தமிழைப் பற்றி ஒன்று. கிரேக்கத்தில் ‘ஹேமெய்ஸ்’ என்பதும் ஆங்கிலத்தில் ‘வீ’ என்பதும் கேட்பவனைச் சேர்த்தா, நீக்கியா என்று காட்டா. நமக்கோ நாம் என்றும் நாங்கள் என்றும் இரண்டு உண்டு. சந்தாவை உயர்த்த ‘நாங்கள்’ முடிவு செய்தோம் என்று செயற்குழு சொன்னால் அவை எவ்வாறு கொதிக்கும் என்பதை அன்பர்கள் அறிவர்! மாற்கு நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில், புயலில் படகு நிறையும்போது சீடர்கள் உறங்கும் ஆசிரியரை எழுப்பி, தாம் மடிவது பற்றி அவருக்குக் கவலையில்லையா என்று வினவுகின்றனர். ‘நாம்’ மடிகிறோம் என்றார்களெனில் ஆசிரியரும் மூழ்குவார் என்னும் அச்சம் அதில் உண்டு. ‘நாங்கள்’ என்றார்களெனில் அவர் மூழ்கார் என்னும் நம்பிக்கையும் இருக்கலாம், மனக்குறையும் இருக்கலாம். கிரேக்கத்தில் எழுதியவருக்கும் ஆங்கிலத்தில் பெயர்த்தவருக்கும் இக்கேள்வி எழவேயில்லை. புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து தமிழாக்கி, 1715இல் தரங்கம்பாடியில் அச்சிட்டு முடித்த சீகன்பால்குவும், அவர்க்குப்பின் வந்த ஒவ்வொரு தமிழ் மொழிபெயர்ப்பாளரும் அவ்விடத்தில் இரண்டிலொன்றைத் தேர்ந்தே எழுத வேண்டியிருந்தது.