தகவல் போரும் தில்லி எல்லை தந்த பாடமும்



மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து 2020 நவம்பரில் தில்லியை நோக்கிப் புறப்பட்ட விவசாயிகள் சிங்கு, திக்ரி எல்லைகளில் தடுத்து நிறுத்தப்பட்டனர். தொலைக்காட்சிகளில் அவர்களது கோரிக்கை பின்னுக்குத் தள்ளப்பட்டது. 'காலிஸ்தானிகள்' என்ற முத்திரை முன்னுக்கு வந்தது. பஞ்சாப் விவசாயியை ஹரியானா விவசாயியிடமிருந்து பிரிக்கவே அம்முத்திரை பயன்பட்டது.

அதற்கு விடையாக டிசம்பரிலேயே 'டிராலி டைம்ஸ்' என்ற நான்கு பக்க ஏடு பஞ்சாபியிலும் இந்தியிலும் வெளிவந்தது. திரை மறைத்ததைப் போராட்டக் களமே எழுதியது.

2021 ஜனவரி 26 கடும் சோதனையாக அமைந்தது. பெரும்பகுதி அமைதியாக நடந்த டிராக்டர் அணிவகுப்பு திரையிலிருந்து மறைந்தது. செங்கோட்டைக் காட்சியே நிறைந்து நின்றது. அக்காட்சி பொய்யன்று, முழு உண்மையும் அன்று. அடுத்த சில நாட்களில் எல்லை முகாம்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. ஆயினும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் ஹரியானாவிலும் மகாபஞ்சாயத்துகள் திரண்டன. நேருக்கு நேர் பேசிய சொல்லைத் துண்டிக்க எவராலும் இயலவில்லை. நவம்பர் 29 அன்று அச்சட்டங்களை நீக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

பாடம் தெளிவானது. பொய்யை மறுப்பது பாதி வேலை. மறைக்கப்பட்ட உண்மையை மக்களிடம் சேர்ப்பதே மீதி வேலை. கைப்பேசியில் வந்ததைச் சரிபாராமல் பரப்பும் தோழர், நல்லெண்ணத்தோடு பரப்பினாலும், எதிரிக்கே ஆயுதம் தருகிறார். பிழை நேர்ந்தால் அன்றே, அதே குழுவில் திருத்தம் வெளிவர வேண்டும். மக்களின் நம்பிக்கையை இழந்த இயக்கத்தின் உண்மையும் செவியேறாது.