கரைக்கு எதிரே இரண்டு அணு உலைகள்

(2007 ஜூலையில், நிமிட்ஸ் கப்பல் வருகையைக் கண்டித்துச் சென்னையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

காசிமேட்டிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே!

அமெரிக்காவின் விமானந்தாங்கிப் போர்க்கப்பல் நிமிட்ஸ் நம் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. 332 மீட்டர் நீளம், ஏறத்தாழ 5,000 பேர், தளம் நிறையப் போர் விமானங்கள் என்று பத்திரிகைகளில் வியந்து வியந்து எழுதுகிறார்கள். அந்தக் கப்பலின் வயிற்றுக்குள் இரண்டு அணு உலைகள் இருக்கின்றன. நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

கல்பாக்கத்தில் அணு உலையைச் சுற்றி 1.6 கிலோமீட்டருக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது. 16 கிலோமீட்டர் வரைக்கும் அவசரகாலத் திட்டம் உண்டு. விபத்து நடந்தால் எந்த ஊர் மக்களை எந்த வழியாக அழைத்துப் போவது, எங்கே தங்க வைப்பது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதிகாரிகள் ஊருக்குள் வந்து ஒத்திகையும் பார்க்கிறார்கள். இப்போது நிமிட்ஸ் நிற்கும் இடத்தை மையமாக வைத்து அதே 16 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுங்கள். ராயபுரம் உள்ளே வரும். ஜார்ஜ் டவுன் வரும், ஸ்டான்லி ஆஸ்பத்திரி வரும், சென்ட்ரல் ஸ்டேஷன் வரும், மயிலாப்பூர் வரும். உங்கள் தெருவுக்கு வந்து யாராவது ஒத்திகை பார்த்தார்களா, அம்மா? ஒரு நோட்டீஸாவது கொடுத்தார்களா?

ஆபத்தே வராது என்கிறார்கள். கல்பாக்கத்திலும் அதைத்தான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுத் திட்டமும் வைத்திருக்கிறார்களே, ஏன்?

கப்பலில் அணுகுண்டு உண்டா என்று கேட்டால், உண்டு என்றும் சொல்ல மாட்டோம், இல்லை என்றும் சொல்ல மாட்டோம் என்பதுதான் அமெரிக்காவின் கொள்கை. 1985-ல் இதே பதிலைச் சொல்லிக்கொண்டு புக்கானன் என்ற கப்பலை நியூசிலாந்துக்கு அனுப்பப் பார்த்தார்கள். டேவிட் லாங்கே அப்போது பிரதமர். பதில் சொல்லாத கப்பலுக்கு இடமில்லை என்று மறுத்தார். பாதுகாப்பு உடன்படிக்கையில் நியூசிலாந்துக்குத் தந்த உறுதியை அமெரிக்கா நிறுத்தி வைத்தது. அந்த நாடு அசையவில்லை. 1987-ல் அந்த மறுப்பைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. மக்கள் தொகையில் நம் சென்னைக்கு ஈடாகாத நாடு அது! நூறு கோடி மக்களின் அரசுக்கு அந்தத் துணிவு எங்கே போயிற்று?

1971 டிசம்பரில் வங்கதேச மக்களுக்குத் துணையாக நாம் நின்றபோது, எண்டர்பிரைஸ் என்ற அணுசக்திக் கப்பலை இதே வங்கக் கடலுக்கு அனுப்பி மிரட்டியதும் இந்த அமெரிக்காதான். ஈராக்கின் மேல் பறந்த விமானங்களைச் சுமந்த கப்பல் இந்த நிமிட்ஸ். 2005 ஜூனில் அமெரிக்காவுடன் பாதுகாப்பு உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டதிலிருந்து டெல்லி நம்மை எங்கே இழுத்துக்கொண்டு போகிறது என்பதற்கு, இங்கே நிற்கும் கப்பலே சாட்சி.

அந்த மாலுமிகள் மேல் எனக்குக் கோபமில்லை. பாதிப்பேர் இருபது வயதுப் பிள்ளைகள். கரைக்கு வந்தால் அவர்களிடம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். என் கோபமெல்லாம், இந்த ஊர் மக்களை ஒரு வார்த்தை கேட்காமல் அனுமதி கொடுத்தவர்கள் மேல்தான்.

நாம் கேட்பது இதுதான்: அணு உலையோடு வரும் எந்த நாட்டுப் போர்க்கப்பலும், அணுகுண்டு உண்டா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் எந்தக் கப்பலும், இனி எந்த இந்தியத் துறைமுகத்துக்கும் வரக் கூடாது. அதைச் சட்டமாக்க வேண்டும். பிரதமருக்கு அனுப்பும் மனு மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். போகும்போது உங்கள் தெருவுக்கும் பத்துத் தாள் எடுத்துக்கொண்டு போங்கள்.