“முடியாது” என்றவர்கள்



போட்டிக் கம்பெனிகள் ஒன்றைப் பார்த்து ஒன்று புகையற்ற இயந்திரங்களைச் செய்கின்றனவா, அல்லது ஒன்றைப் பார்த்து ஒன்று சும்மா இருந்துவிடுகின்றனவா என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயமாகும். இரண்டும் நடக்கிறது என்பதே நமது அபிப்பிராயம். எப்போது எது நடக்கிறது என்பதுதான் கவனிக்கத்தக்கது.

அமெரிக்க மோட்டார் கம்பெனிகள் 1955-ல் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. புகையைக் குறைக்கும் கருவியை யார் கண்டுபிடித்தாலும் எல்லோரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். கேட்பதற்கு எவ்வளவு தர்மமாயிருக்கிறது! ஆனால் கண்டுபிடிப்பவனுக்கு லாபமில்லையென்றால் எவன் முந்துவான்? “நீயும் முந்தாதே, நானும் முந்தவில்லை” என்பதுதானே இதன் பொருள்? இதில் சதி இருக்கிறதென்று சர்க்காரே 1969-ல் வழக்குத் தொடர்ந்தது. கம்பெனிகள் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே ராஜியாகப் போயின.

பிறகு 1970-ல் கடுமையான சட்டம் வந்தது. 1975-ஆம் வருஷத்து வண்டிகளில் கார்பன் மோனாக்சைடும், எரியாத பெட்ரோல் ஆவியும் 100-க்கு 90 பங்கு குறைய வேண்டுமென்றது. அந்தக் கெடுவுக்குள் முடியாது என்று பெரிய கம்பெனிகள் கூக்குரலிட்டன. மோட்டார் சைக்கிளில் பேரெடுத்து, 1963-ல்தான் கார் வியாபாரத்தில் புகுந்த ஜப்பானிய ஹோண்டாவோ, 1972-ல் ஒரு புது இஞ்சினைக் காட்டிற்று. சிறு அறையில் பெட்ரோல் மிகுந்த கலவையைக் கொளுத்தி, அந்தச் சுவாலையால் பெரிய அறையிலுள்ள காற்று மிகுந்த கலவையை நன்றாக எரிப்பதே அதன் சூட்சுமம். சர்க்கார் சோதித்தது, தேறிற்று. சிறு வண்டிக்குத்தானே ஆகும் என்றவர்களுக்கு, அமெரிக்கப் பெரிய வண்டியாகிய ஷெவர்லே இம்பாலாவிலேயே பொருத்திக் காட்டினார்கள். விளைவென்ன? 1973-ல் ஃபோர்டும் கிரைஸ்லரும் அம்முறைக்கு உரிமை வாங்கின!

இது பழங்கதையென்று எண்ணிவிடாதீர்கள். டீசல் புகையைச் சட்டம் கேட்டதற்கு மேலும் சுத்தம் செய்ய வழியிருந்தும், அதில் போட்டியிடாமலிருக்கக் கூடிப் பேசியதற்காக ஃபோக்ஸ்வாகன், பி.எம்.டபிள்யூ. கம்பெனிகளுக்கு ஐரோப்பியக் கமிஷன் 2021-ல் 87 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. கூட இருந்த டைம்லர், தானே காட்டிக்கொடுத்துத் தப்பித்துக்கொண்டது.

ஆகவே தோழர்களே! போட்டி என்பது தானாகவே வரங்கொடுக்கும் தெய்வமல்ல. சட்டம் தலைமேல் நிற்க, ஒருவன் செய்ததைப் பகிரங்கமாகச் சோதித்துக் காட்டினால்தான் மற்றவனுக்கு வேலை ஓடுகிறது. இல்லாவிடில் முதலாளிகள் கூடிக்கொள்வார்கள். புகையைக் குடிப்பவர்கள் நாமும் நம் குழந்தைகளுமே. எவ்வளவு பெரியவன் “முடியாது” என்றாலும், “யார் செய்து பார்த்தது? எங்கே சோதித்தது?” என்று கேளுங்கள்.