தலைவர் வீழ்ந்தபின் நிலைப்பது எது?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



ஒரு நாட்டின் தலைவர் திடீரென நோயுற்று வீழ்ந்தால், "அடுத்து யார்?" என்றே ஊரெல்லாம் கேட்கும். அக்கேள்வி இயல்பானதே. ஆயினும் அதைவிடப் பெரிய கேள்வியொன்று அதன் நிழலில் மறைந்து கிடக்கின்றது. அதனை விளக்க 1964 ஆம் ஆண்டு பாரத நாட்டில் நிகழ்ந்தவற்றை எடுத்துக்கொள்வோம். அந்நிகழ்ச்சிகள் டில்லியோடு நின்றுவிடவில்லை. நம் மலைநாட்டுத் தோட்டங்களின் லயன்கள் வரை வந்து கதவைத் தட்டின.

அவ்வாண்டு ஜனவரித் தொடக்கத்தில் ஒரிசாவின் புவனேஸ்வரத்தில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. காமராசர் தலைமை வகித்தார். அங்கே பண்டித நேருவைப் பாரிசவாதம் தாக்கியது; உடலின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டது. 1947 தொட்டுப் பிரதமராக இருந்தவர் அவர். வெளிநாட்டு விவகாரத்தையும் தம் கையிலேயே வைத்திருந்தவர். அவர் படுக்கையிற் கிடந்தபோது குல்சாரிலால் நந்தாவும் டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் அன்றாட அலுவல்களைப் பகிர்ந்துகொண்டனர். அம்மாதம் முடியுமுன் லால் பகதூர் சாஸ்திரி மீண்டும் மந்திரிசபைக்கு அழைக்கப்பட்டார். காமராசர் திட்டத்தின்படி 1963 ஆகஸ்டில் பதவி துறந்த ஆறு மத்திய மந்திரிகளுள் அவரும் ஒருவர். இலாகா இல்லாத மந்திரி என்பது அவர் பெற்ற பெயர். நோயுற்ற பிரதமரின் சுமையைத் தாங்குவது அவர் பெற்ற வேலை.

நேருவோ தமக்குப் பின் இவரே என்று வாய்திறந்து கூறவில்லை. கூறியிருக்க வேண்டும் என்பார் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. பிரதமர் பதவி எவருடைய முதுசமுமன்று, மக்களுக்குச் சீதனமாக எழுதிவைப்பதற்கு! மே 27 இல் நேரு மறைந்தார். அன்றே நந்தா இடைக்காலப் பிரதமராகப் பதவியேற்றார். காமராசர் பலரையும் கலந்து கட்சியின் கருத்தறிந்தார். ஜூன் 2 இல் காங்கிரஸ் பாராளுமன்றக் கட்சி சாஸ்திரியை ஏகமனதாகத் தெரிந்தது. பிரேரித்தவர் நந்தா, வழிமொழிந்தவர், அப்பதவியைத் தாமே நாடியிருந்த மொரார்ஜி தேசாய். ஜூன் 9 இல் புதிய பிரதமர் பதவியேற்றார்.

நம் நாட்டில் 1952 மார்ச் 21 இல் டி. எஸ். சேனநாயக்கா காலி முகத்திடலிற் குதிரையிலிருந்து வீழ்ந்து மறுநாள் மறைந்தபோது நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மகாதேசாதிபதி சோல்பரிப் பிரபு, கட்சியில் மூத்தவரான சேர் ஜோன் கொத்தலாவலையை விடுத்து, மறைந்தவரின் மகன் டட்லியை அழைத்தார். அதனால் எழுந்த மனக்கசப்பு நெடுங்காலம் ஆறவில்லை. "அடுத்து யார்?" என்ற கேள்விக்கு டில்லி சொன்ன விடை செம்மையானது என்பதில் ஐயமில்லை.

ஆனால், வீழ்ந்த தலைவர் கொண்டிருந்த நிலைப்பாட்டை யார் காப்பது? இதுவே நாம் குறிப்பிட்ட மறைந்து கிடக்கும் கேள்வி.

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1954 ஜனவரியில் நேருவும் கொத்தலாவலையும் செய்த ஒப்பந்தத்தாலும் முடிச்சு அவிழவில்லை. இந்தியப் பிரசாவுரிமையை விரும்பி வேண்டுவோரையே பாரதம் ஏற்கும், மற்றையோர் இலங்கையின் பொறுப்பு என்பதே நேருவின் நிலைப்பாடு. அது முழுமையான பாதுகாப்பன்று. எனினும், ஒருவரது விருப்பத்தைக் கேளாமல் அவரை நாடுகடத்துவதற்கு அது ஒரு வரம்பாக நின்றது.

நேரு மறைந்து ஐந்து மாதங்கள் கழிந்தன. ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா டில்லி சென்றார். 1964 அக்டோபர் 30 இல் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மக்கள் கணக்கிடப்பட்டனர். 5,25,000 பேர் பாரதத்துக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்க்கப்படுவர் என முடிவாயிற்று. நெல்மூடைகளைப் பங்கிடுவோரும் விதைநெல்லுக்கு எவ்வளவு என்று கமக்காரனைக் கேட்பர். இங்கோ, பங்கிடப்பட்ட மக்களின் பிரதிநிதி எவரும் அம்மேசையில் இருக்கவில்லை.

சாஸ்திரி தீயவரல்லர், எளிமையும் நேர்மையும் உடையவர். 1962 ஆம் ஆண்டின் சீனப் போருக்குப் பின் அயல்நாடுகளின் நட்பு டில்லிக்கு வேண்டியிருந்தது. நேரு வாழ்ந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று சோதிடம் கூறவும் நாம் வரவில்லை. நாம் சுட்டுவது வேறு. நேருவின் நிலைப்பாடு ஒரு மனிதரின் உறுதியிலே தங்கியிருந்தது. அம்மனிதர் மறைந்ததும் அது தளர்ந்தது. சாஸ்திரியோ பதவியேற்ற சில வாரங்களிலேயே மாரடைப்புற்றார். 1966 ஜனவரி 11 இல் தாஷ்கண்டில் காலமானார். ஆயினும் அவர் இட்ட கையொப்பம் சாகவில்லை! 1965 இல் கொழும்பிலும் ஆட்சி மாறிற்று, ஒப்பந்தம் மாறவில்லை. 1967 இல் டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் அதனை நிறைவேற்றச் சட்டமியற்றியது. 1974 இல் எஞ்சியிருந்த 1,50,000 பேரும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தலைமுறை தலைமுறையாகத் தேயிலை கொய்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு தலைமன்னாரிற் கப்பலேறினர்.

கமக்காரப் பெருமக்களே, இது உங்களுக்குப் புதியதன்று. காணிக்காரர் நல்லவர் என்று வாய்ச்சொல்லை நம்பி வயலைச் செய்கின்றோம். அவர் கண்மூடியதும் பிள்ளைகள் வந்து, "உறுதி எங்கே?" என்று கேட்கின்றனர். அப்போது அவருடைய நற்குணத்தை எந்த நொத்தாரிசிடம் காட்டுவது? எந்த அப்புக்காத்து அதனை நீதிமன்றில் வாதாடுவார்? மலைநாட்டு மக்களின் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டியதும் எவருடைய இரக்கமுமன்று. 1988 இலும் 2003 இலும் பாராளுமன்றத்தில் நிறைவேறிய சட்டங்களே.

ஆகவே, எந்நாட்டுத் தலைவர் நோயுற்றாலும் அவர் நலம்பெற வேண்டுவோம். அது மனிதப் பண்பு. அடுத்தவரைத் தெரிய ஒழுங்கான முறை இருக்கின்றதா என்று பார்ப்போம். அது குடியாட்சிப் பண்பு. ஆனால் நமக்கு ஒருவர் அளிக்கும் வாக்கை, அவர் திடகாத்திரமாக இருக்கும்போதே சட்டமாக எழுதுவித்துக் கொள்வோம். படுக்கையருகே நின்று கேட்கும் உறுதிமொழி எவருக்கும் பயன்படாது.